மலடி என்றவன் யார்?

பரங்கிமலைப் பாளையத்துப் பட்டாளத்தானுக்கு மேகநோய் கண்டபோது வெள்ளையன் செய்த நீதியை அறிவீரா? 1868-இல் தொற்றுநோய்ச் சட்டம் தீட்டினான். பரத்தையர் எனப் பதிவேட்டில் ஏற்றிய ஏழைப் பெண்களைச் சோதித்தான். நோய் கண்டால் மருத்துவமனையில் பூட்டி வைத்தான். அவர்களிடம் வந்துபோன பட்டாளத்தானையோ அச்சட்டம் தீண்டவில்லை!

1888-இல் சட்டம் செத்தது. அதன் ஆவி பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று இன்றும் வீடுவீடாக உலவுகிறது. மணமாகி மூன்றாண்டில் மடி நிறையாவிட்டால் 'மலடி' என்கிறார்கள். அரசமரம் சுற்றுபவள் அவள். ஆய்வுக்கூடத்தில் ஊசி ஏற்பவளும் அவளே. வேலி தாண்டி மேய்ந்த வீரத் திருமகனோ மீசை முறுக்குகிறான்!

மருத்துவம் கூறுவது வேறு. கொனோரியா, கிளமிடியா எனும் கிருமிகள் பெண்ணுடலில் பெரும்பாலும் அரவமின்றிக் குடியேறும். வலியிராது, புண்ணிராது. கருப்பை கடந்து கருக்குழாயில் ஏறி, அழற்சியால் தழும்பாக்கி அடைத்துவிடும். தொடக்கத்தில் கண்டால் சிறிது மருந்தில் ஒழியும் நோய்தான். விழுந்த தழும்பை அம்மருந்து அழிக்காது. மனைவிக்கு மட்டும் மருந்தூட்டினால், கணவனிடமிருந்து கிருமி மீண்டும் வந்து சேரும்.

பிள்ளையின்மை அனைத்தும் இதனால் அன்று. ஆனால் சோதிக்காமலே தீர்ப்பெழுத மாமியார் என்ன நீதிபதியா? சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பால்வினை நோய்க்கென்றே தனி நிலையம் இருக்கிறது. கணவனையும் அழைத்துச் செல்லுங்கள். சீட்டில் முதலில் அவன் பெயர் ஏறட்டும்!