பூட்டை உடைக்காதீங்க, யார் பூட்டினாங்கன்னு பாருங்க

எங்க எம்.கே.பி. நகர்ல ஒரு சின்ன கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ் (பேர் வேண்டாமே). ஹார்பருக்கு வர்ற கன்டெய்னருக்குக் கஸ்டம்ஸ் வேலை பாத்துக் குடுக்கறவங்க. பதினோரு கம்ப்யூட்டர். மூலையில ஒரு பழைய பொட்டியில லினக்ஸ் போட்டு சாம்பா (சாம்பார் இல்லீங்க) ஓடுது, அதுதான் ஃபைல் சர்வர். நான் எப்பவாவது போய் ஆணி புடுங்கிட்டு வர்ற ஆளு.

அங்க தினம் மத்தியானம் ஒரு கூத்து. கன்டெய்னர் லிஸ்ட் இருக்கற எக்செல் ஃபைலைத் திறந்தா, வேற யாரோ வச்சிருக்காங்க, படிக்க மட்டும்தான் முடியும்னு சொல்லும். உடனே ஓனர் அண்ணன் சத்தம் போடுவார். "இன்னாப்பா, இன்னும் லாக்கா? சர்வரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு!" பண்ணுவாங்க. லாக் போயிடும். எல்லாருக்கும் சந்தோஷம்.

2019-ல ஒரு நாள் அதே வைத்தியம். அன்னைக்கு ஃபைலை முதல்ல திறந்தது டைப் பண்ற பொண்ணு. காலையிலேருந்து ஏத்தினது அவ ஸ்கிரீன்ல இருக்கு, இன்னும் சேவ் பண்ணலை. சர்வர் எழுந்திரிச்சப்ப அவ லாக் அதுக்கு ஞாபகமே இல்லை. வேற ஒரு பையன் திறந்தான், எழுதினான், சேவ் பண்ணிட்டான். அவ சேவ் பண்ணப் போனா எரர். பயந்துபோய் வேற பேர்ல சேவ் பண்ணா. பாதி லிஸ்ட் இதுல, பாதி அதுல. ரெண்டு கன்டெய்னருக்கு ஃப்ரீ டேஸ் முடிஞ்சதை யாரும் பாக்கலை. ஷிப்பிங் லைன்காரன் நாள் கணக்குல டிடென்ஷன் போட்டுட்டான். திட்டு யாருக்கு? அந்தப் பொண்ணுக்குத்தான்....

எனக்குக் கோவம் வர்ற இடம் இதுதாங்க. எல்லாரும் லாக்கை வியாதியா பாக்கறாங்க. அந்த லாக்கை சர்வர் தானா போடலை. "நான் எழுதிட்டிருக்கேன், வேற யாரையும் எழுத விடாதே"ன்னு எக்செல் கேட்டு வாங்கினது. அந்தக் கணக்கை எழுதி வச்சுக்கறதுதான் சாம்பாவோட வேலை. ரீஸ்டார்ட் பண்ணா கணக்கு காலி, ஆனா எழுதறவ இன்னும் எழுதிக்கிட்டே இருக்கா.

சரி, யார் வச்சிருக்காங்கன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? எக்செல் ஒரு பேர் காட்டும். ஆனா அங்க எப்பவும் 'அட்மின்'. அது லாகின் பேர் இல்லை, ஆபீஸ் ஆப்ஷன்ஸ்ல யூசர் நேம்னு இருக்கே, அது. பதினோரு மெசினுக்கும் ஒரே ஆள் ஒரே பேரைப் போட்டுட்டுப் போயிருக்கான்! (சத்தியமா நான் இல்லை.) முதல் வேலையா அதை மாத்தினேன்.

அடுத்தது, சர்வர்ல எஸ்எம்பிஸ்டேட்டஸ்னு ஒரு கமாண்ட். எந்த மெசின், எந்த ஃபைல், எத்தனை மணிலேருந்து, எழுதவா படிக்கவா, எல்லாம் வரிசையா சொல்லிடும். விண்டோஸ் சர்வர்னா கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்ல ஷேர்டு ஃபோல்டர்ஸ், அதுக்குள்ள ஓப்பன் ஃபைல்ஸ். அங்கேயே ரைட் கிளிக் பண்ணா 'க்ளோஸ் ஓப்பன் ஃபைல்'னு வரும், ஆனா ஆளைக் கேக்காம அதை அமுக்கினா ரீஸ்டார்ட் பண்ண மாதிரிதான். யாருமே திறக்கலைன்னு சத்தியம் பண்ணாங்கன்னா எக்ஸ்ப்ளோரர்ல ப்ரிவ்யூ பேன் ஆன்ல இருக்கான்னு பாருங்க, சில சமயம் அதுவே ஃபைலைப் பிடிச்சு வச்சுக்கும்.

நெட்ல தேடினா 'லாக்கிங் = நோ' போடுங்கன்னு ஒரு யோசனை வரும். தயவுசெஞ்சு வேணாம். அது சிடி மாதிரி யாரும் எழுதவே முடியாத இடத்துக்கு உள்ளது. ஆப்லாக் வேற சமாச்சாரம். ஒரே ஆள் திறந்திருந்தா அவர் மெசின்லயே எழுதி வச்சுக்கச் சொல்ற சலுகை அது. அடுத்த ஆள் வந்தா சர்வர் கூப்பிட்டு ஒப்படைக்கச் சொல்லும். கேபிள் சரியில்லாத இடத்துல பதில் வராது, வந்தவர் அரை நிமிஷம் வரைக்கும் மணலைக் கடிக்கணும். ஃபாக்ஸ்ப்ரோ, ஆக்சஸ் மாதிரி பல பேர் ஒண்ணா எழுதற ஃபைலுக்கு மட்டும் அதை நிறுத்துங்க. எக்செல்லைத் தொடாதீங்க.

எஸ்எம்பிஸ்டேட்டஸ் என்ன காட்டுச்சுன்னு சொல்லலையே. காலையில 9:40-லேருந்து ஃபைலைப் பிடிச்சிருந்தது ஓனர் அண்ணனோட மெசின். லிஸ்டைப் பாத்துட்டு, மினிமைஸ் பண்ணிட்டு, ஹார்பருக்குக் கிளம்பிடுவார். தினமும்.

"யாருப்பா வச்சிருக்கான்?"னு கேட்டார்.

"நீங்கதான் அண்ணே."