உறங்கிய பெட்டியை எழுப்புமுன்

பரணிலிருந்து பழைய வானொலிப் பெட்டியொன்றை இறக்கியவுடன் எவருக்கும் எழும் முதல் ஆசை, அதன் மின்வடத்தைச் சுவரிலே செருகிப் பார்ப்பதேயாகும். அவ்வாசையைச் சற்று அடக்கிக்கொள்ளுமாறு கேட்பதற்காகவே இவ்வாரம் எழுதுகின்றேன். அடக்கத் தெரியாத வயதில் நான் செய்த பிழையை முதலிலேயே சொல்லிவிடுவது நன்று.

1990ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றபோது, எங்கள் வீட்டிலும் மாமா வீட்டிலும் இருந்த வால்வு வானொலிகள் ஊமையாயின. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, தைனமோவிலிருந்து சிறிய திரான்சிஸ்டர்ப் பெட்டிக்கு மின் ஊட்டிச் செய்தி கேட்டோம். "பெரிய பெட்டியையும் இப்படிச் சுற்றலாமே அப்பா?" என்று நான் கேட்டதுண்டு. அது நடவாத காரியம் என்பதைப் பௌதிகம் படித்த பின்னரே கணக்கிட்டு அறிந்தேன். சைக்கிள் தைனமோ தருவது 6 வோல்ற்றில் ஏறக்குறைய 3 வாற்று. அப்பாவின் பெட்டியிலுள்ள ஈ.இசெட். 80 என்னும் சீராக்கி வால்வின் இழையைச் சூடாக்க மட்டும் 3.8 வாற்று வேண்டும். ஏனைய வால்வுகளைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

பல ஆண்டுகளின் பின் மின்சாரம் மீண்டது. மாணவனாயிருந்த நான் மாமாவின் பெட்டியைத் தூசி தட்டி நேரே செருகினேன். உரத்த இரைச்சல் எழுந்தது, சற்று நேரத்தில் தார் உருகும் மணம், பின்னர் புகை. நிலைமாற்றியின் சுருள் எரிந்துபோயிற்று. மாமா ஒரு சொல்லும் ஏசாமல் பெட்டியைத் துணியால் மூடி வைத்தார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாயிருந்திருக்கும். அதன்பின் அப்பாவின் பெட்டியைத் தொட எனக்குத் துணிவு வரவில்லை.

நடந்தது இதுதான். வால்வுகளுக்கு 250 வோல்ற்று அளவில் நேரோட்டம் வேண்டும். நிலைமாற்றி ஆடலோட்டத்தின் அழுத்தத்தை உயர்த்த, சீராக்கி அதை ஒரே திசையிற் செலுத்துகின்றது. வினாடிக்கு 100 முறை துடித்து வரும் அவ்வோட்டத்தைச் சமப்படுத்துபவை பெரிய கொள்ளளவிகள் இரண்டு. திருத்துநர் வாயில் அவை கண்டென்சர். உள்ளே அலுமினியத் தகடுகளும் மின்பகுபொருளில் நனைந்த தாளும் இருக்கும். காவலி அத்தாளன்று, தகட்டின்மேற் படிந்த மிக மெல்லிய ஒட்சைட்டுப் படையே. மின்னழுத்தம் கிடைத்துவரும்வரை அப்படை தன்னைத் தானே செப்பனிட்டுக்கொள்ளும். ஆண்டுக்கணக்காகக் கிடைக்காதொழிந்தால் நலியும். அந்நிலையில் முழு அழுத்தத்தையும் திடீரென ஏற்றினால் ஓட்டம் கசியும், கசிவினாற் சூடேறும், சூட்டினாற் கசிவு பெருகும். அச்சுமை முழுவதும் நிலைமாற்றியின் தலையில் விழும்.

சென்ற விடுமுறையில் மகளோடு சேர்ந்து அப்பாவின் பெட்டியைத் திறந்தேன். நிலைமாற்றி உண்டா என்று முதலிற் பார்த்தோம். அஃது இல்லாத பெட்டிகளும் அக்காலத்தில் விற்கப்பட்டன. அவற்றின் உலோக அடித்தட்டிலேயே வீட்டு மின்சாரம் பாயக்கூடுமாதலால் மாணவர் அவற்றை விட்டுவிடுவதே நல்லது. பொடிந்துபோன இறப்பர் வடத்தை மாற்றினோம். பழைய கொள்ளளவிக் குவளையை அழகுக்காக இருக்கவிட்டு, அதன் இணைப்புகளை வெட்டி, 47 மைக்கிரோபரட்டு, 450 வோல்ற்றுப் புதியவை இரண்டை அடியிற் பற்றவைத்தோம். நேர், எதிர் முனைகள் மாறினால் வெடிக்கும்.

"பெரிசாய்ப் போட்டால் இரைச்சல் இன்னும் குறையாதோ அப்பா?" என்றாள்.

நல்ல கேள்வி. ஆயினும் சீராக்கியை அடுத்துள்ளது 50 மைக்கிரோபரட்டுக்கு மேற்படலாகாது. மின் ஏறும் கணத்தில் அது இழுக்கும் ஓட்டத்தை ஈ.இசெட். 80 தாங்காது. மெழுகுத்தாட் கொள்ளளவிகளையும், குறிப்பாகக் கடைசி வால்வுக்கு முன்னுள்ளதையும் மாற்றினோம்; அது கசிந்தாலும் வருந்துவது நிலைமாற்றியே.

இனிச் சோதனை. பெட்டிக்கும் சுவருக்கும் இடையே 60 வாற்று மின்குமிழொன்றைத் தொடராக இணைத்தல் பழைய திருத்துநரின் வழக்கம். உள்ளே பழுதிருப்பின் குமிழ் முழு ஒளியுடன் எரிந்து ஓட்டத்தை மட்டுப்படுத்திவிடும். எல்.ஈ.டி. குமிழ் இதற்கு உதவாது. இழைக் குமிழ் வேண்டும். அதைத் தேடி மூன்று கடை ஏறினேன். மூன்றாவது கடைக்காரர், கோழிக்குஞ்சுக் கூட்டுக்கா என்று கேட்டார். குமிழ் பெட்டியைக் காக்குமேயன்றித் தொடுபவரைக் காவாது. மின்வடத்தைக் கழற்றிய பின்னும் கொள்ளளவியில் மின் தங்கியிருக்கும். தடையியொன்றினூடாக அதை இறக்கி, மீற்றரில் அளந்து பார்த்த பின்னரே கைவைக்கலாம். பெரியவர் துணையின்றி மாணவர் எவரும் இதிற் புகவேண்டாம்.

மகள் ஆளியைப் போட்டாள். குமிழ் பளிச்சென்று எரிந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள்; எனக்கு மாமாவின் முகம் தோன்றியது. குளிர்ந்த வால்வு இழைகள் முதலில் மிகுதியாக ஓட்டம் இழுக்கும் என்பதை அறிந்திருந்தும் என் கை வடத்தை நோக்கி நீண்டுவிட்டது. சில வினாடிகளிற் குமிழ் மங்கியது. பின்னர் குமிழை நீக்கி நேரே இணைத்தோம். இரைச்சல் இல்லை. இருட்டிய பின் மத்திய அலையில் தூரத்து நிலையமொன்றின் பாட்டு ஏறியும் இறங்கியும் வந்தது.

மாமாவின் பெட்டியும் இப்பொழுது எங்கள் வீட்டில் இருக்கின்றது. அதன் நிலைமாற்றியைக் கழற்றி, கருகிய கம்பியைச் சுற்றுச் சுற்றாக எண்ணி அவிழ்த்துக்கொண்டிருக்கின்றாள் மகள். நேற்றிரவு வரை நானூற்றுச் சொச்சம்.