பூச்செண்டு போதும், ஆட்கள் எங்கே?

ஆண்டுதோறும் மே 12-ஆம் நாள் அனைத்துலகத் தாதியர் நாள் கொண்டாடப்படுகிறது. மருத்துவமனை மண்டபங்களில் தோரணங்கள் ஆடுகின்றன. மேடைகளில் புகழுரைகள் பொழிகின்றன. ‘வெள்ளுடைத் தேவதைகள்’ என்கிறார் ஒருவர். ‘தியாகச் சுடர்கள்’ என்கிறார் மற்றொருவர். பூச்செண்டு வாடுமுன்னரே அத்தேவதை இரவுப் பணிக்குத் திரும்ப வேண்டும். 30 கட்டில்கள் உள்ள வார்டில் மூவர் பணியாற்றினால் ஒருவருக்குப் 10 நோயாளிகள். மூவரில் ஒருவர் வர இயலாது போனால் 15 நோயாளிகள். இந்த எளிய வகுத்தல் கணக்கை மேடையில் எவரும் போட்டுக் காட்டுவதில்லை. புகழ்ச்சி மலிவானது, ஆள் நியமனமோ செலவு மிக்கது. மலிவானதை வாரி வழங்கிச் செலவானதை மறைக்கும் தந்திரமே இந்தத் தேவதைப் பட்டம்!

தாதியம் இரக்கத்தில் மட்டும் பிறந்ததன்று, அறிவிலும் பிறந்தது. திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள், நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து துணைபுரிபவன் என மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுக்கிறது. நான்காமவரை ஏனைய மூன்றுக்கும் இணையாக வைத்தே வள்ளுவர் எண்ணினார். இன்றைய நிருவாகங்களோ, கட்டிலின் நான்காம் காலைத் தாமே குறைத்துவிட்டுக் கட்டில் ஏன் ஆடுகிறது என்று வினவுகின்றன.

1859-இல் தாதியம் பற்றி நூல் எழுதிய புளோரன்ஸ் நைட்டிங்கேல், தூய காற்றையும் ஒளியையும் தூய்மையையும் வற்புறுத்தியதோடு, நோயாளியைக் கூர்ந்து நோக்கும் திறனையும் தாதியின் தலையாய தகுதியாகக் கொண்டார். 1952-இல் ஹில்டகார்டு பெப்லாவ், தாதிக்கும் நோயாளிக்கும் இடையே வளரும் உறவே தாதியத்தின் உயிர்நாடி என விளக்கினார். வெர்ஜீனியா ஹெண்டர்சன், மூச்சுவிடுதல் முதல் கற்றல் வரை 14 அடிப்படைத் தேவைகளை வகுத்து, நோயாளி தம் காலில் தாமே நிற்கும்வரை உடனிருப்பதே தாதியின் கடமை என்றார்.

இவற்றையெல்லாம் கல்லூரியில் கற்றுத் தேறி வருகிறார் இளந்தாதி. வார்டில் அவருக்குக் காத்திருப்பது என்ன? ஒருவருக்கு மருந்து ஏற்றும்போதே மற்றொருவர் அழைக்கிறார், படுத்த படுக்கையாய்க் கிடப்பவரைப் புரட்டிப் படுக்க வைக்க நேரம் தவறுகிறது, புண் உண்டாகிறது. மூச்சின் வேகம் சற்றே மாறுவதை உரிய நேரத்தில் கண்டறிந்தால் உயிர் பிழைக்கும். காணக் கண் இருந்தும் நிற்க நேரம் இல்லை. பின்னர், “கோட்பாடு ஏட்டுச் சுரைக்காய், நடைமுறைக்கு ஒவ்வாது” என்று பழி மட்டும் கோட்பாட்டின்மேல் விழுகிறது. ஒவ்வாதது கோட்பாடு அன்று, ஆட்கணக்கே!

இது வெறும் உணர்ச்சிக் கூற்றன்று. லிண்டா எய்க்கனும் அவர்தம் குழுவினரும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002-இல் முடிவுகளை வெளியிட்டனர். அறுவைச் சிகிச்சை பெற்றோரிடையே, ஒரு தாதியின் பொறுப்பில் நோயாளி ஒருவர் கூடுந்தோறும் 30 நாள்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு மிகுந்திருந்ததை அவ்வாய்வு காட்டியது. 2014-இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளைப் பற்றி வெளிவந்த ஆய்வும் அதே விகிதத்தைக் கண்டது. எனவே, ஆட்பற்றாக்குறை என்பது தாதியரின் களைப்பைப் பற்றிய பேச்சு மட்டுமன்று. நோயாளியின் உயிரைப் பற்றிய பேச்சுமாகும்.

“ஆள் கிடைத்தால்தானே நியமிக்க முடியும்?” என்பர் சிலர். உலகச் சுகாதார நிறுவனம் 2025-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2023-இல் உலகெங்கும் 29.8 மில்லியன் தாதியர் இருந்தும் 5.8 மில்லியன் பேர் குறைவாக இருந்தனர். பற்றாக்குறை உண்மையே. ஆயின், உள்ளவரைத் தக்கவைக்க என்ன செய்யப்பட்டது? 2024-இல் மலேசியாவில், முறைவேலை பார்க்கும் தாதியரின் வார வேலைநேரத்தை 42 மணியிலிருந்து 45 மணியாக உயர்த்தும் ஏற்பாடு டிசம்பர் முதல் நாள் நடப்புக்கு வரும் என்று அறிவிக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்த பின்னரே அது தள்ளிவைக்கப்பட்டது. போனவரின் சுமையை இருப்பவர் தோளில் ஏற்றினால், இருப்பவரும் போகமாட்டாரா? சவூதிக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியத் தாதியர் விமானம் ஏறுவது ஊரறிந்த செய்தி.

சிங்கப்பூரும் இவ்வலியை அறியாததன்று. கிருமித்தொற்றுக் காலமாகிய 2021-இன் முதல் பாதியில் மட்டும் ஏறத்தாழ 1,500 சுகாதார ஊழியர்கள் பணிவிலகினர். 2024-இல் அந்நாடு ‘ஏஞ்சல்’ என்னும் திட்டத்தை அறிவித்தது. தகுதியுடைய தாதியர் 20 ஆண்டுகளில் 100,000 வெள்ளி வரை பெறலாம். பெயரில் தேவதை இருப்பினும், தேவதைக்கும் வயிறு உண்டு என்று ஒப்புக்கொண்டது பாராட்டத்தக்கது. ஆனால், பணம் ஒருவரை நிற்கச் செய்யலாம். கைக்குள் அடங்காத வேலையை அடக்கிவிடாது. பிலிப்பீன்ஸிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் ஆள் அழைத்து வருவதும் நிலையான தீர்வாகாது. அது ஓரூர்க் கிணற்றை வற்றவைத்து மற்றோர் ஊரின் தொட்டியை நிரப்புவதாகும்.

தீர்வு புதிரன்று. ஒரு தாதிக்கு இத்தனை நோயாளிகளே என வரம்பு கட்டும் சட்டத்தைக் கலிபோர்னியா 1999-இல் இயற்றி 2004-இல் நடைமுறைக்குக் கொணர்ந்தது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 2016-இல் அவ்வழி சென்றது. அங்கே நிகழ்ந்த மாற்றத்தை ஆராய்ந்து 2021-இல் வெளிவந்த கட்டுரை, கூடுதல் தாதியருக்கு ஆகும் செலவைப்போல் இரு மடங்குக்கும் மேற்பட்ட தொகை, மறு அனுமதியும் நீண்ட தங்கலும் குறைவதால் மிச்சமாகும் என மதிப்பிட்டது. “செலவு தாங்காது” என்போர் இக்கணக்கிற்கு விடை கூறட்டும்.

சமுதாயத்திற்கும் இதில் கடமை உண்டு. மகன் மருத்துவரானால் ஊரழைத்து விருந்து வைக்கும் குடும்பம், மகள் தாதியாக விழைந்தால் முகம் சுளிக்கலாமா? மகன் அப்பணியை விரும்பினால் நகைக்கலாமா? காத்திருக்க நேர்ந்த சினத்தைக் கைக்கெட்டிய தாதியின்மேல் கொட்டுவோர், அவ்விடத்தில் நிற்க வேண்டிய மற்றொரு தாதி எங்கே என்று தம் நாடாளுமன்ற உறுப்பினரைக் கேட்டதுண்டா?

தாதியர் கேட்பது கோயிலன்று. கூட ஒரு துணை. கேட்பது ஆரத்தியன்று, சட்டத்தில் எழுதிய ஓர் எண். அந்த எண்ணை வழங்க மனமில்லாத மேடைகள், அடுத்த மே மாதத்தில் பூச்செண்டுச் செலவையேனும் மிச்சப்படுத்தட்டும்!