தோற்றுப்போன மருந்தின் இரண்டாம் வாழ்வு

1940-இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் செல்மன் வாக்ஸ்மனும் பாய்ட் உட்ரஃபும் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து ஆக்டினோமைசினைப் பிரித்தெடுத்தார்கள். அது கிருமிகளைக் கொன்றது. சோதனை விலங்குகளையும் கொன்றது. தொற்றுநோய் மருந்தாக அது கரைசேரவில்லை.

நல்ல வேளையாக, அதோடு யாரும் அதைக் கைகழுவிவிடவில்லை. 1950-களில் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், அதே வகையைச் சேர்ந்த ஆக்டினோமைசின் டி-யை வில்ம்ஸ் கட்டி என்னும் சிறுநீரகப் புற்று கண்ட குழந்தைகளுக்கு அறுவைச் சிகிச்சை, கதிர்வீச்சு ஆகியவற்றோடு சேர்த்துக் கொடுத்தார். பிழைத்தெழும் குழந்தைகள் அதிகமானார்கள்.

ஆய்வகங்களுக்கும் இந்தச் செந்நிறத் தூள் தேவைப்படுகிறது. டிஎன்ஏ-வின் அடுத்தடுத்த கார இணைகளுக்கு நடுவே செருகிக்கொண்டு, புதிய ஆர்என்ஏ உருவாகாமல் தடுத்துவிடுகிறது. வளர்ப்புச் செல்களில் இதைச் சேர்த்து, குறிப்பிட்ட இடைவெளிகளில் மாதிரி எடுத்தால், ஏற்கெனவே இருந்த ஆர்என்ஏ எவ்வளவு வேகமாகச் சிதைகிறது என்று கணக்கிடலாம். உயிரியலில் எத்தனையோ விடைகள் இப்படிக் கிடைத்தவை.

உடனடிப் பலன் என்னவென்று கேட்டே நிதி ஒதுக்குபவர்கள் இதை எண்ணிப்பார்க்க வேண்டும். மண் நுண்ணுயிர் ஆய்வுக்குத் தாராளமாகப் பணம் கொடுங்கள்; தோற்ற பொருட்களையும் பத்திரப்படுத்துங்கள்.