அடைக்குப் படுத்த கோழி நஷ்டமா?

தறிக் கூலியும் தோட்ட வருமானமும் குடும்பக் கணக்கில் சேர்கின்றன. கோழியினால் வரும் காசோ பெரும்பாலும் பெண்களின் கைக்காசு. அவசரத்திற்கு நோட்டுப் புத்தகமோ மருந்தோ வாங்க உதவுவது அதுவே. ஆகவே, முட்டையிட்டு வந்த கோழி திடீரென்று நிறுத்திவிட்டு, தறிக்குழி மூலையிலோ நூல் கூடையிலோ இறகைச் சிலிர்த்துக்கொண்டு அமர்ந்துவிட்டால், வீட்டில் கோபம் எழுவது இயல்பே. ஆனால் அக்கோபத்தில் நாம் செய்யும் காரியங்கள் சரியல்ல என்பது என் அபிப்பிராயம்.

கோழியைத் தண்ணீரில் முக்கியெடுப்பதும், மூக்குத் துவாரத்தில் இறகைச் செருகுவதும், காலைக் கட்டி இரையின்றிக் கிடத்துவதும் பல ஊர்களில் வழக்கம். அடைப்படுத்தல் சோம்பலுமன்று, நோயுமன்று. மூளையின் அடியிலுள்ள ஒரு சுரப்பி புரோலாக்டின் என்னும் சுரப்புநீரை மிகுதியாக விடுகிறது; அதனால் சினைப்பை சுருங்கி, முட்டை நின்று, அடைகாக்கும் வேட்கை மேலோங்குகிறது. இருட்டும், வெதுவெதுப்பும், வயிற்றின்கீழ் முட்டையும் அவ்வேட்கையை வளர்க்கின்றன. காரணம் இதுவாயின், பரிகாரமும் இதிலேயே இருக்கிறது.

கம்பிவலையை அடித்தளமாகக் கொண்ட கூண்டைத் தரையிலிருந்து உயர்த்தி, வெளிச்சமும் காற்றும் உள்ள நிழலில் வையுங்கள். வைக்கோல் வேண்டாம். இரையும் நீரும் தாராளமாகக் கொடுங்கள். 3 முதல் 5 நாட்களில் பெரும்பாலான கோழிகள் தெளிந்துவிடும். சில வாரங்களில் மீண்டும் முட்டையிடும். படுத்த முதல் நாளே கூண்டிலிட்டால் விரைவில் தெளியும். நாள் கடந்தால் தாமதமாகும்.

எனினும் எல்லாக் கோழிகளையும் தெளிவித்துவிட வேண்டும் என்று நான் கூறவில்லை. வெள்ளை லெகார்ன் போன்ற சீமை இனங்களில் அடைக்குணம் பெரும்பாலும் நீக்கப்பட்டுவிட்டது. அவற்றின் முட்டைகள் பொரிப்பானையோ வேறு கோழியையோ நம்பியிருக்கின்றன. நம் சிறுவிடைக் கோழியோ மின்சாரம் கேளாத பொரிப்பான். 21 நாட்கள் தானே சூடு காத்து, தானே முட்டையைப் புரட்டிக் குஞ்சு பொரிக்கிறது. ஒரு வாரத்திற்கு மேற்படாத 10 அல்லது 12 சேவல் சேர்ந்த முட்டைகளை ஒரே இரவில் வைத்து, 7ஆம் நாள் விளக்கொளியில் பார்த்துக் கருவில்லாதவற்றை நீக்கினால் போதும். அருகில் இரை, நீர், பேன் நீங்கப் புழுதிக் குளியலுக்குச் சாம்பல் கலந்த மண் ஆகியவை இருக்கட்டும்.

உண்மையான நஷ்டம் நாம் முடிவெடுக்காமல் இருப்பதனால் வருகிறது. வைப்பதா, தெளிவிப்பதா என்று தீர்மானிக்காமல் விட்டுவிடுகிறோம். கோழி வெறுங்கூட்டில் வாரக்கணக்கில் கிடந்து மெலிகிறது. அல்லது மற்றக் கோழிகள் அங்கேயே முட்டையிட, முன்பின்னாகப் பொரித்துப் பாதி முட்டைகள் வீணாகின்றன.

இங்கேதான் கூட்டுறவுக்கு வேலை இருக்கிறது. அண்டை வீடுகளில் இரண்டு கோழிகள் அடைக்குப் படுத்தால், ஒரே நாளில் முட்டை வைப்போம். பொரித்த அன்றிரவே குஞ்சுகள் அனைத்தையும் ஒரு தாயிடம் சேர்த்துவிட்டால், மற்றொன்றை விரைவில் முட்டைக்குத் திருப்பலாம். குஞ்சுகளையும் முட்டைகளையும் பேசியபடி பங்கிட்டுக்கொள்ளலாம். வெள்ளைக் கழிச்சல் தடுப்பு மருந்திலும் இதே நன்மை உண்டு. பல பத்துக் குஞ்சுகளுக்கான மருந்து ஒரே புட்டியில் வருகிறது. கலக்கியபின் சில மணி நேரமே பயன்படும். பத்துக் குஞ்சுள்ள ஒரு வீடு அதை வாங்கத் தயங்குகிறது, குஞ்சுகள் கொள்ளைபோகின்றன. ஒரே வாரத்தில் பொரித்த பத்து வீடுகள் சேர்ந்தால் செலவு சொற்பமே.

நூலைச் சேர்ந்து வாங்கக் கற்ற நமக்கு இது அரிய காரியமன்று. அடுத்த கூட்டத்தில் தெருவுக்கு ஓர் அங்கத்தினர் இப்பொறுப்பை ஏற்க முன்வருவாராக. அதுவரை, படுத்த கோழியைத் தண்ணீரில் முக்காமலாவது இருப்போம்.