‘நிறுத்து’ என்றால் நின்றுவிடுமா?

இதைப் படித்துக்கொண்டே ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஒரு நிமிடம் கண்ணைச் சிமிட்டாமல் இருக்க வேண்டும். கைப்பேசியில் நேரம் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் சில விநாடிகள் எளிதாக இருக்கும். பிறகு கண்ணில் ஓர் எரிச்சல், ஓர் உறுத்தல். ‘சிமிட்டிவிடு, சிமிட்டிவிடு’ என்று உள்ளிருந்து ஏதோ நச்சரிக்கும். படித்துக்கொண்டிருந்த வரி மனத்தில் நிற்காது. கடைசியில் சிமிட்டியதும் ஒரு நிம்மதி வரும். சிமிட்டியது நீங்கள்தான். ஆனால், வேண்டுமென்றா சிமிட்டினீர்கள்?

‘டிக்’ எனப்படும் திடீர் அசைவுகளும் ஒலிகளும் உள்ள பிள்ளைகளில் பலர் இதைப் போன்ற ஓர் உணர்வைத்தான் விவரிக்கிறார்கள். தோளிலோ கழுத்திலோ தொண்டையிலோ ஓர் இறுக்கம் சேரும். அசைத்தால் அல்லது ஒலி எழுப்பினால் அடங்கும். சற்று நேரத்தில் மறுபடியும் வரும். நமக்கு இது ஒரு நிமிடச் சோதனை. அவர்களுக்கு நாள்தோறும் இதே பாடு.

தொடக்கப்பள்ளியில் என் பக்கத்து இருக்கையில் ஒரு நண்பன் இருந்தான். தோளை வெடுக்கென்று உயர்த்துவான். தொண்டையைச் செருமிக்கொண்டே இருப்பான். ஆசிரியர் ‘நிறுத்து’ என்பார். அவனும் சிறிது நேரம் நிறுத்துவான். பிறகு மீண்டும் தொடங்கிவிடும். “ஐந்து நிமிடம் நிறுத்த முடிந்ததல்லவா? அப்படியென்றால் வேண்டுமென்றேதான் செய்கிறாய்,” என்று சொல்லி ஒருநாள் அவனை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார். நாங்கள் சிரித்தோம். நானும்தான்.

அன்று அந்த வாதம் எங்கள் எல்லாருக்கும் நியாயமாகவே பட்டது. அது ஏன் தவறு என்பதைப் பல ஆண்டுகள் கழித்து, ஆய்வுகளைப் படித்த பிறகுதான் புரிந்துகொண்டேன். குழந்தைப் பருவக் கோளாறுகள் பற்றிய ஆய்வு நமக்குத் தந்த மிகப் பெரிய பரிசு மருந்து அன்று என்பது என் கருத்து. ‘யார் குற்றம்?’ என்று கேட்பதை விட்டு, ‘என்ன நடக்கிறது?’ என்று கேட்கக் கற்றுக்கொடுத்ததே அந்தப் பரிசு. அந்தப் பாடம் இன்னும் நம் வகுப்பறைகளுக்கு முழுமையாக வந்து சேரவில்லை.

1885ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் ஜில் டி லா டூரெட் என்ற மருத்துவர் இத்தகைய ஒன்பது நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவருடைய ஆசான் ஜான் மார்ட்டின் ஷார்கோ அந்த நோய்க்கு மாணவரின் பெயரையே சூட்டினார். அப்படி வந்ததுதான் டூரெட் நோய்க்குறி. இது நரம்பு மண்டலம் சார்ந்தது, குடும்பங்களில் தொடர்ந்து வரக்கூடியது என்று அவர்கள் அன்றே கருதினார்கள்.

அடுத்து வந்த பல பத்தாண்டுகளில் காற்று வேறு பக்கம் திரும்பியது. மனத்துக்குள் அடக்கிவைத்த ஆசைகள்தாம் இப்படி வெளிவருகின்றன என்றும், வளர்ப்பில் குறை இருக்கிறது என்றும் பேசப்பட்டது. பிள்ளைகளும் பெற்றோரும் குற்றவாளிகள் ஆனார்கள். ஆட்டிசத்துக்கும் இதே கதிதான். லியோ கேனர் என்ற மருத்துவர் 1943இல் 11 பிள்ளைகளை விவரித்து ஆட்டிசத்தை அறிமுகப்படுத்தினார். பின்னர், தாயின் அன்பு போதாததே அதற்குக் காரணம் என்ற கருத்து வெகுவாகப் பரவியது. சான்று எதுவும் இல்லாத கருத்து அது. அதைக் கேட்டு எத்தனை தாய்மார்கள் இரவில் அழுதிருப்பார்கள்!

இதை மாற்றியது பொறுமையான ஆய்வு. 1960களில் ஹாலோபெரிடால் என்ற மருந்து டூரெட் நோயாளிகள் பலரின் அசைவுகளைக் குறைப்பது தெரியவந்தது. மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கும் மருந்து அது. குறை வளர்ப்பில் மட்டும் இருந்தால், மாத்திரை எப்படி வேலை செய்யும்? அமெரிக்காவில் ஆர்தர் ஷப்பிரோ, எலேன் ஷப்பிரோ தம்பதியர் இந்தக் கேள்வியை அழுத்தமாக எழுப்பினர். 1977இல் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கல் ரட்டரும் 21 இரட்டையர் சோடிகளை ஆராய்ந்து, ஆட்டிசத்தில் மரபணுக்களுக்குப் பங்கு உண்டு என்று காட்டினர். தாயின் மேல் விழுந்த பழி மெல்ல விலகத் தொடங்கியது.

இன்று நமக்கு என்ன தெரியும்? மூளையின் ஆழத்தில் சில நரம்பணுக் கூட்டங்கள் உள்ளன. எந்த அசைவைச் செயலாக்க வேண்டும், எதைத் தடுக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்க அவை உதவுகின்றன. எம்ஆர்டி நிலையத்தின் கட்டண வாயிலைப் போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டையைத் தட்டியவருக்கு வாயில் திறக்கும், மற்றவருக்குத் திறக்காது. டிக் உள்ளவர்களின் மூளையில் இந்த வாயில், அழைக்காத அசைவுகளுக்கும் அவ்வப்போது திறந்துவிடுகிறது. ஒருவர் வாயிலைக் கையால் அழுத்திப் பிடித்துச் சிறிது நேரம் மூடி வைக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் அவரால் வேறு வேலை பார்க்க முடியாது. என் நண்பன் ஐந்து நிமிடம் நிறுத்தியபோது நடந்தது அதுதான். அந்த ஐந்து நிமிடப் பாடம் அவன் காதில் விழுந்திருக்காது.

பள்ளி வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஒருவர் வரை டூரெட் நோய்க்குறி இருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது. பெண்களைவிட ஆண் பிள்ளைகளிடம் மூன்று, நான்கு மடங்கு அதிகம். பெரும்பாலும் 5 முதல் 7 வயதுக்குள் தொடங்கி, 10 முதல் 12 வயதில் உச்சத்தை எட்டும். பிறகு பலருக்குக் குறைந்துவிடும். இங்கே 10 முதல் 12 வயது என்பது எந்தக் காலம்? தொடக்கநிலை நான்கிலிருந்து ஆறு வரை. பிஎஸ்எல்இ தேர்வுக்குத் தயாராகும் காலம். களைப்பும் பதற்றமும் டிக்கை அதிகமாக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

டூரெட் உள்ளவர்களில் பலருக்கு ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோயும் இருக்கும். இரண்டிலும் மூளையின் அதே சுற்றுப்பாதைகளுக்குத் தொடர்பு உண்டு. ஆனால் ஓசிடி என்றால் நாம் என்ன நினைக்கிறோம்? பென்சில் பெட்டியை அடுக்கி வைப்பவர், “நான் ரொம்ப ஓசிடி,” என்று சிரிக்கிறார். உண்மை அப்படி இல்லை. ‘கதவுப் பூட்டை ஏழு முறை தொடாவிட்டால் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும்’ என்ற எண்ணம் வரும். அது அர்த்தமற்றது என்று தெரிந்தும் தொடாமல் இருக்க முடியாது. பள்ளிக்குத் தாமதமாகும். யாரிடமும் சொல்ல வெட்கமாக இருக்கும்.

அந்த வெட்கத்தின் விலையை நம் நாட்டு ஆய்வு ஒன்று காட்டுகிறது. சிங்கப்பூரில் மனநலக் கழகம் 2016இல் தொடங்கிய தேசிய ஆய்வின்படி, பெரியவர்களில் 28 பேரில் ஒருவர் வாழ்க்கையில் ஏதோ ஒரு கட்டத்தில் ஓசிடியால் பாதிக்கப்பட்டுள்ளார். சிகிச்சை நாடியவர்களிடம் காணப்பட்ட தாமதத்தின் இடைநிலை அளவு 11 ஆண்டு. அதாவது, அவர்களில் பாதிப் பேர் 11 ஆண்டோ அதற்கு மேலோ காத்திருந்தார்கள். உயர்நிலை ஒன்றில் நோய் தொடங்கிய ஒருவர் 24 வயதில்தான் மருத்துவரைப் பார்க்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். ‘நான் ரொம்ப ஓசிடி’ என்று நாம் கேலியாகச் சொல்லும்போது பக்கத்தில் இருப்பவர் ஒருவர் வாயை இன்னும் இறுக மூடிக்கொள்ளக்கூடும்.

ஆய்வு என்றதும் ஒரே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துவிடும் என்று எதிர்பார்க்கிறோம். இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும். 2010இல் டூரெட் உள்ள ஒரு தந்தையிடமும் அவருடைய எட்டுப் பிள்ளைகளிடமும் ஒரு மரபணு மாற்றம் கண்டறியப்பட்டது. எல்லாரும் மகிழ்ந்தார்கள். ஆனால் மற்ற நோயாளிகளிடம் அந்த மாற்றம் மிக அரிது. பல மரபணுக்களும் சூழலும் சேர்ந்தே இந்தக் கோளாறை உண்டாக்குகின்றன என்பதே இப்போதைய புரிதல்.

1998இல் வெளிவந்த இரண்டு கட்டுரைகளை ஒப்பிடுங்கள். அமெரிக்காவில் சூசன் ஸ்வீடோ குழுவினர், தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தொற்றியபின் திடீரென ஓசிடியோ டிக்கோ தோன்றிய அல்லது தீவிரமான 50 பிள்ளைகளைப் பற்றி எழுதினர். கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள் தவறுதலாக மூளையையும் தாக்குகின்றனவா என்பது அவர்களின் கேள்வி. அது எத்தனை பிள்ளைகளுக்குப் பொருந்தும் என்ற விவாதம் இன்றும் தொடர்கிறது. அதே ஆண்டு பிரிட்டனில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு 12 பிள்ளைகளை வைத்து, தட்டம்மைத் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்தினார். அந்தக் கட்டுரையை 2010இல் ‘லான்செட்’ இதழ் மீட்டுக்கொண்டது. அதற்குள் பல பெற்றோர் தடுப்பூசியைத் தவிர்க்கத் தொடங்கியிருந்தனர். முதல் கட்டுரை ஒரு கேள்வியைத் திறந்து வைத்தது. இரண்டாவது, பயந்துபோன பெற்றோருக்கு ஒரு குற்றவாளியைக் காட்டியது. குற்றவாளியை அவசரமாகக் காட்டும் எதையும் இரண்டு முறை யோசித்து நம்புங்கள்.

“அப்படியானால் டிக் உள்ளவர் எதுவுமே செய்ய முடியாதா?” என்று நீங்கள் கேட்கலாம். முடியும். 2010இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 9 முதல் 17 வயது வரையிலான 126 பிள்ளைகள் பங்கெடுத்தனர். ஒரு பிரிவினருக்கு, உறுத்தல் வரும் கணத்தைக் கவனித்து, அந்த அசைவோடு சேர்ந்து செய்ய முடியாத வேறோர் அசைவைச் செய்யப் பயிற்சி தரப்பட்டது. தோள் உயரப் போகிறது என்றால் முழங்கையை மெதுவாக விலாவோடு சேர்த்து வைத்துக்கொள்வதைப் போல. பத்து வாரங்களில் அந்தப் பிரிவில் 52.5 விழுக்காட்டினரிடம் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. ஆதரவும் விளக்கமும் மட்டும் பெற்ற பிரிவில் அது 18.5 விழுக்காடு.

“பயிற்சியால் முடியும் என்றால், கண்டிப்பாலும் முடியுமே!” என்று சிலர் சொல்வார்கள். இல்லை. நீச்சல் கற்றுக்கொடுப்பதும், நீந்தத் தெரியாதவரைக் குளத்தில் தள்ளிவிட்டு ‘நீந்து’ என்று கத்துவதும் ஒன்றா? மேலும், பயிற்சி பெற்றவர்களிலும் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அது போதவில்லை. அவர்கள் முயற்சி செய்யாதவர்கள் அல்லர்.

இன்னொரு கேள்வியும் வரும்: “சிலர் நடிக்கிறார்களே?” 2020, 2021ஆம் ஆண்டுகளில் பல நாடுகளில் பதின்ம வயதினரிடம், குறிப்பாகப் பெண்களிடம், டிக் போன்ற அசைவுகள் திடீரெனத் தோன்றின. சமூக ஊடகக் காணொளிகளுக்கும் கிருமித்தொற்றுக் கால மன அழுத்தத்துக்கும் அதில் பங்கு இருக்கலாம் என மருத்துவர்கள் கருதினர். அது டூரெட்டிலிருந்து வேறுபட்டது என்றார்கள். ஆனால் நடிப்பு என்று சொல்லவில்லை. அவர்களுக்கும் உதவி தேவைப்பட்டது. யாருக்கு என்ன கோளாறு என்று முடிவு செய்வது மருத்துவரின் வேலை. வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் நம் வேலை அன்று.

நம் வேலை வேறு. டிக்கைக் கண்டுகொள்ளாதீர்கள். ஆனால் அந்த நண்பரைக் கண்டுகொள்ளுங்கள். அவரோடு உணவகத்தில் உட்காருங்கள். குழுப் பணியில் சேர்த்துக்கொள்ளுங்கள். யாராவது அந்த அசைவைப் போலச் செய்து காட்டினால் சிரிக்காதீர்கள். ஒருவர் சிரிக்காமல் இருந்தாலே அந்த வேடிக்கையின் சுவை குறைந்துவிடும். உங்களுக்கே இப்படி ஏதாவது இருந்தால், 11 ஆண்டு காத்திருக்காதீர்கள். பள்ளி ஆலோசகரிடமோ நம்பும் ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ இந்த வாரமே சொல்லுங்கள். தேவைப்படுவோருக்குத் தேர்வில் சிறப்பு ஏற்பாடுகள் கேட்கவும் வழி உண்டு.

என் நண்பன் அன்று வெளியே நின்றபோதும் கண்ணாடிச் சன்னல் வழியாக அவன் தோள் உயர்ந்து தாழ்வது தெரிந்தது. அங்கே அவனைப் பார்க்க ஆசிரியர் இல்லை. யாரையும் சிரிக்க வைக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆனாலும் தோள் உயர்ந்தது. அவன் வேண்டுமென்றே செய்யவில்லை என்பதற்கான சான்று என் கண்முன்னே இருந்தது. நான்தான் அதைப் பார்க்காமல் சிரித்துக்கொண்டிருந்தேன்.