கியர் விழவில்லையா? முதலில் கிளட்சைப் பாருங்கள்

பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். பழைய பிக்கப் வண்டிகளில் கியர் பெட்டியின் நிலையும் அதுதான். கியர் விழ மறுத்தால், "பெட்டி போய்விட்டது" என்று நாமே முடிவு கட்டி, பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு வைத்திருந்த பணத்தைப் பட்டறையில் கொட்டிவிடுகிறோம். பல வேளைகளில் குற்றவாளி கிளட்ச்.

வீட்டு வாசலிலேயே இதைச் சோதித்து அறியலாம். வண்டியைச் சமதரையில் நிறுத்திக் கைப்பிரேக்கை இழுங்கள். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். அருகில் குழந்தைகள் நிற்கக் கூடாது. இஞ்சினை அணைத்து, கிளட்சை மிதித்து, ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். பின்பு நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, இஞ்சினை ஓடவிட்டு, மீண்டும் கிளட்சை மிதித்துப் போடுங்கள்.

அணைத்திருக்கும்போது எளிதாக விழும் கியர்கள், இஞ்சின் ஓடும்போது மட்டும் கறகறவென்று முரண்டு பிடித்தால், கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை என்று பொருள். பழைய ஹைலக்ஸ் போன்ற வண்டிகளில் கிளட்ச் எண்ணெய் அழுத்தத்தால் இயங்குகிறது. இஞ்சின் மூடியைத் திறந்து, அதற்குரிய சிறு டப்பாவில் எண்ணெய் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. மிதிக்கு மேலேயுள்ள பம்பையும், கியர் பெட்டியோரம் உள்ள கீழ்ப் பம்பையும் தடவிப் பாருங்கள். நாலைந்து முறை மிதித்த பிறகே கியர் விழுகிறதென்றால், குழாயில் காற்று புகுந்திருக்கலாம். மேல் பம்பின் ரப்பர் தேய்ந்திருக்கவும் கூடும்.

டப்பாவில் ஊற்ற வேண்டியது பிரேக் எண்ணெய். அவசரத்திற்கு இஞ்சின் எண்ணெயை ஊற்றிவிடாதீர்கள். பம்புகளிலுள்ள ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

எண்ணெயும் பம்பும் சரியாக இருந்தால், கோளாறு கிளட்ச் தட்டில் இருக்கலாம். அது போர்மன் பார்க்க வேண்டிய வேலை.

இஞ்சின் அணைந்திருக்கும்போதும் கியர் இறுக்கமாக இருந்தால், கியர் தண்டின் இணைப்புகளையும் புஷ்களையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டும்போது ஒரே ஒரு கியர் மட்டும் கறகறத்தாலோ, விழுந்த கியர் தானே கழன்றாலோதான் பெட்டியின் உள்ளே தேய்மானம் என்று சந்தேகிக்க வேண்டும்.

பட்டறைக்குப் போகும்போது, "கியர் விழவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். "இஞ்சினை அணைத்தால் விழுகிறது, ஓடினால் விழவில்லை" என்று சொல்லுங்கள். பெட்டியைக் கழற்றும் முன் பம்பைப் பார்க்கும்படி கேளுங்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு? நாம் பாடுபட்டுச் சேர்த்த பணமல்லவா!